அண்டை வீட்டாரின் கதவைத் தட்டும் அறிவிப்பு



ஆஸ்திரேலியாவின் விக்டோரிய மாநிலத்தில் குடியேறி வாழும் நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் அஞ்சல் பெட்டிக்கு உள்ளூர் கவுன்சிலிடமிருந்து அவ்வப்போது ஒரு கடிதம் வந்து சேரும். பக்கத்து மனையில் இன்னின்ன கட்டடம் எழுப்பத் திட்ட அனுமதி கோரி விண்ணப்பம் வந்துள்ளது. ஆட்சேபனை இருந்தால் தெரிவிக்கலாம் என்பதே அதன் சாரம். அதே செய்தி அந்த மனையின் வேலியிலும் ஒரு பலகையாகத் தொங்கும். நம்மில் பெரும்பாலோர் அக்கடிதத்தை விளம்பரத் தாள்களோடு சேர்த்துக் குப்பையில் இடுகிறோம். அப்பலகையைக் கடந்து பள்ளிக்கும் கடைக்கும் போய்வருகிறோம். மத்ரஸாவுக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோருள் ஒருசிலரே, “ஹஸ்ரத், இதற்கு நாங்கள் ஏதும் செய்ய வேண்டுமா?” என்று கேட்கின்றனர். செய்ய வேண்டும் என்பதே என் கருத்து. இதைக் குடிமகன் என்ற முறையில் மட்டும் கூறவில்லை. மார்க்கம் நம்மீது சுமத்தியுள்ள அண்டை வீட்டார் உரிமையின் அடிப்படையிலும் கூறுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

விக்டோரியாவில் இவ்விஷயத்தை ஆள்வது 1987ஆம் ஆண்டின் திட்டமிடல், சுற்றுச்சூழல் சட்டம். அனுமதி வழங்குவதால் எவருக்கும் கணிசமான பாதிப்பு நேராது என்று கவுன்சில் மனநிறைவு கொண்டாலன்றி, ஒட்டியுள்ள நிலங்களின் உரிமையாளர்களுக்கும் அங்குக் குடியிருப்போருக்கும் விண்ணப்பத்தைப் பற்றி அறிவிக்க வேண்டும். ‘குடியிருப்போருக்கும்’ என்ற சொல் கவனத்திற்குரியது. வாடகை வீட்டில் இருப்பவருக்கும் அறிவிப்புப் பெறும் தகுதி உண்டு. பேசும் தகுதியும் உண்டு. தேவையெனக் கருதினால் மனையில் பலகை வைக்கவும் செய்தித்தாளில் வெளியிடவும் கவுன்சில் பணிக்கலாம்.

அறிவிப்புக் கொடுத்து 14 நாட்கள் கழியும் முன்னர் கவுன்சில் முடிவெடுக்க இயலாது. அந்த 14 நாட்கள் கடந்த பின்னரும், முடிவு எடுக்கப்படும் வரை வந்து சேரும் ஆட்சேபனை கவனத்தில் கொள்ளப்படும். விண்ணப்பத்தையும் வரைபடங்களையும் எவரும் பார்வையிடலாம். ஆட்சேபனை எழுதுபவர் தமக்கு என்ன பாதிப்பு நேரும் என்பதையும் அதற்கான காரணத்தையும் கூற வேண்டும். கவுன்சில் அனுமதி தர முடிவு செய்தால், ஆட்சேபித்தவர் குறித்த காலத்துக்குள் விக்டோரிய சிவில், நிர்வாகத் தீர்ப்பாயத்தை நாடலாம்.

இம்முறையின் உயிர்நாடி ஒன்றே. ஒருவர் தம் நிலத்தில் செய்யப்போகும் செயல் அடுத்தவரின் வாழ்வைத் தொடுமானால், அடுத்தவருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அவர் சம்மதித்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் அவர் அறியாமல் அது நடந்துவிடக் கூடாது.

பெண்டிகோ தந்த காயம்

நம் சமுதாயத்தில் இந்த அறிவிப்பு முறையின்மீது ஒரு கசப்பு உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. மெல்பர்னுக்கு வடமேற்கே சுமார் 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெண்டிகோ நகரில் பள்ளிவாசல் கட்ட வந்த விண்ணப்பத்தை நாம் மறக்கவில்லை. விண்ணப்பம் பொது அறிவிப்புக்கு வந்ததும் நூற்றுக்கணக்கில் ஆட்சேபனைகள் குவிந்தன. பலவற்றில் வாகன நெரிசல், சத்தம் என்பவற்றைவிட இஸ்லாத்தின் மீதான அச்சமே மேலோங்கி நின்றது. 2014 ஜூனில் கிரேட்டர் பெண்டிகோ நகர கவுன்சில் அனுமதிக்கு ஆதரவாக முடிவெடுத்தது. ஆட்சேபித்தோர் தீர்ப்பாயம் சென்றனர். 2015 ஆகஸ்டில் தீர்ப்பாயம் அனுமதியை உறுதி செய்தது. அதே ஆண்டு வெளியூர்களிலிருந்து வந்தோரும் சேர்ந்துகொண்டு தெருவில் ஆர்ப்பாட்டம் நடத்தினர். செப்டம்பரில் கவுன்சில் கூட்டமே கூச்சலால் கலைந்து, உறுப்பினர்கள் காவல்துறைப் பாதுகாப்புடன் வெளியேற நேர்ந்தது. டிசம்பரில் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆட்சேபித்தோரின் மனுவை ஏற்க மறுத்தது. 2016 ஜூனில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமும் மறுத்தது. கட்டடத்துக்கு மண் தோண்டியது 2019இல்தான்.

தொழுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்று முறைப்படி கேட்ட ஒரு சிறு ஜமாஅத் இத்தனை ஆண்டுகள் இத்தனை வசைகளைத் தாங்க வேண்டியிருந்தது. ஆகவே, “அறிவிப்புப் பலகை வைத்தால் வம்புதான் வரும், சத்தமில்லாமல் ஒரு வீட்டையோ கிடங்கையோ வாடகைக்கு எடுத்துத் தொழத் தொடங்கிவிடலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று நம்மில் சிலர் கூறும்போது, அவர்களின் மனவேதனை எனக்குப் புரிகிறது. ஆயினும் அந்த முடிவு தவறானது என்றே கருதுகிறேன். பாதகமான ஒரு வழக்கைக் கொண்டு உரிமையான ஒரு முறையைப் பகைவனாக்கிக் கொள்ளலாகாது.

பெண்டிகோ வழக்கைச் சற்று நிதானமாகப் பாருங்கள். அறிவிப்பு வெறுப்பை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே உள்ளங்களில் இருந்த வெறுப்பை வெளியே கொண்டுவந்தது. வெளியே வந்த பிறகு அதனிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது: உங்களுக்கு நேரும் பாதிப்பு என்ன, அதற்குச் சான்று என்ன? அக்கேள்விக்கு ஆட்சேபித்தோரால் தக்க விடை தர முடியவில்லை. கூட்டம் பெரிது என்பதனால் நியாயம் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடவில்லை.

ஆட்சேபித்தோரின் எண்ணிக்கையையும் தகுந்த இடங்களில் கருத்தில் கொள்ள வேண்டும் என்று 2015இல் சட்டத்தில் ஒரு திருத்தம் சேர்க்கப்பட்டது. கணிசமான சமூக விளைவு உண்டா என்று ஆராய்வதற்கான ஒரு குறிப்பாகவே அது எண்ணிக்கையைக் கருதுகிறது. சான்றின் இடத்தில் எண்ணிக்கையை வைக்கவில்லை. அறிவிப்பே இல்லாமல் அப்பள்ளிவாசல் எழுந்திருந்தால், ‘திருட்டுத்தனமாகக் கட்டினார்கள்’ என்ற பழி அதன் சுவரில் என்றென்றும் ஒட்டியிருக்கும். இன்று அதன் ஒவ்வொரு கல்லுக்கும் நீதிமன்றங்களின் சாட்சியம் உண்டு. அந்நகரத்தாருள் பலர் பள்ளிவாசலுக்கு ஆதரவாக அணிதிரண்டதையும் மறத்தல் நன்றியன்று.

மார்க்கத்தின் அளவுகோல்

பிறர் வீட்டினுள் நுழையும் முன் அனுமதி கோர வேண்டும் என்று அந்நூர் அத்தியாயத்தில் அல்லாஹ் கட்டளையிடுகின்றான். மும்முறை அனுமதி கேட்டும் கிடைக்காவிடில் திரும்பிவிட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். இதற்கு ‘இஸ்திஃதான்’ என்று பெயர். பார்வையின் காரணமாகவே இவ்விதி ஏற்படுத்தப்பட்டது என்றும் அண்ணலார் விளக்கியதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். காலடி வைப்பது மட்டுமன்று, கண் நுழைவதும் நுழைவதே. அப்படியானால் என் வீட்டு மாடிச் சன்னல் அடுத்த வீட்டு முற்றத்தைப் பார்க்குமாறு அமையப்போகிறது என்றால், அது கட்டி முடியும் முன்னரே அவர் கதவைத் தட்டிச் சொல்வது அந்த ஒழுக்கத்தின் நீட்சியல்லவா?

அறிவித்தல் என்பதையே ஒரு கடமையாக்கிய சட்டமும் நம்மிடம் உண்டு. கூட்டாகச் சொத்து வைத்திருப்பவர், தம் பங்காளிக்கு அறிவிக்காமல் தம் பங்கை விற்பது ஆகாது. அவர் விரும்பினால் வாங்கட்டும், விரும்பாவிடில் விட்டுவிடட்டும் என்ற கருத்தில் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இதுவே ‘ஷுஃப்ஆ’ எனப்படும் முன்னுரிமைச் சட்டத்தின் வேர். நம்மில் பலர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹப் இவ்வுரிமையைப் பங்காளியோடு நிறுத்துகிறது. ஹனஃபி மத்ஹப் அதை அண்டை வீட்டாருக்கும் நீட்டுகிறது. எல்லை எங்கே என்பதில் இமாம்களுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பாதிக்கப்படுபவருக்குத் தெரியாமல் காரியத்தை முடிப்பது கண்ணியமன்று என்பதில் வேறுபாடில்லை.

பள்ளிவாசல் என்ற நற்காரியத்துக்காக அண்டை வீட்டாரின் உரிமையைச் சற்று மறந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு இரு செய்திகளை நினைவூட்டுவேன். மதீனாவில் மஸ்ஜிதுன் நபவி எழுந்த நிலம் இரு அனாதைச் சிறுவர்களுடையது. அவர்கள் அன்பளிப்பாகத் தர முன்வந்தும் நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்காமல் விலைக்கே வாங்கினார்கள். பிற்காலத்தில் அதே பள்ளியை விரிவாக்க விரும்பிய கலீஃபா உமர் (ரலி), அடுத்திருந்த அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டைக் கேட்டார்கள். அப்பாஸ் (ரலி) மறுத்தார்கள். வழக்கு உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் சென்றது. தீர்ப்பு கலீஃபாவுக்கு எதிராக அமைந்தது என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. உரிமை நிலைநாட்டப்பட்ட பின்னர் அப்பாஸ் (ரலி) தாமாகவே அவ்வீட்டைத் தர்மமாக வழங்கினார்கள். ஆட்சியாளர் கேட்டாலும், கேட்பது நபியின் பள்ளிவாசலுக்கே ஆனாலும், அண்டை வீட்டாரின் ‘இல்லை’ என்ற சொல்லுக்கு மதிப்பு இருந்தது. அவருடைய மனம் இளகியதும் அந்த மதிப்பு கிடைத்த பிறகுதான்.

நம் ஃபிக்ஹு அறிஞர்கள் இதை வெறும் அறவுரையாக விட்டுவிடவில்லை. 14ஆம் நூற்றாண்டில் தூனிஸில் வாழ்ந்த இப்னுர் ராமீ என்பவர் கொத்தனார் தொழில் செய்தவர். நீதிபதிகளுக்குக் கட்டட வழக்குகளில் ஆலோசகராகவும் இருந்தவர். சுவர், சன்னல், வாசல், புகை, வடிகால் பற்றிய மாலிகி சட்டங்களைத் தொகுத்து அவர் எழுதிய நூலின் பெயரிலேயே ‘இஃலான்’ என்ற சொல் உண்டு. அறிவித்தல் என்பது அதன் பொருள்.

உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த ‘மஜல்லா’ சட்டம் இன்னும் நுட்பமானது. அண்டை வீட்டாருக்கு நேரும் தீங்கை அது இரு தரமாகப் பிரிக்கிறது. அழகிய காட்சி மறைவது போன்றவை பொறுத்துக்கொள்ள வேண்டியவை. ஓர் அறையின் வெளிச்சம் முற்றிலும் அடைபடுவதும், பெண்கள் புழங்கும் முற்றமும் சமையலிடமும் அடுத்த வீட்டாரின் பார்வையில் படுவதும் பொறுக்க இயலாத தீங்கு. அவை தடுக்கப்பட வேண்டும்.

விக்டோரியாவின் குடியிருப்பு விதிகள், புதிய வீட்டின் சன்னலிலிருந்து 9 மீட்டர் தொலைவுக்குள் அடுத்தவரின் ஒதுக்கமான முற்றம் தெரியுமானால் தரையிலிருந்து 1.7 மீட்டர் உயரம் வரை மறைப்பு வேண்டும் என்று கூறுகின்றன. இதைப் படித்தபோது மஜல்லாவின் பக்கம் ஒன்றைப் படிப்பது போன்ற உணர்வே எனக்கு எழுந்தது. ஹிஜாபைப் பேணும் நம் பெண்களுக்கு வீட்டுக் கொல்லை முகம் திறந்து காற்று வாங்கும் இடம். அதைக் காக்கும் விதியைப் பயன்படுத்த அறிவிப்புக் கடிதமே நமக்குக் கிடைக்கும் முதல் வாய்ப்பு. அதைத்தான் நாம் குப்பையில் இடுகிறோம்.

விண்ணப்பிப்பவர் நாமாக இருந்தால்

பள்ளிவாசலோ மத்ரஸாவோ அமைக்க விரும்பும் நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். சட்டம் கேட்கும் அறிவிப்பைக் குறைந்தபட்சமாகக் கொள்ளுங்கள். அதற்கு முன்னரே நேரில் சென்று கதவைத் தட்டுங்கள். கவுன்சிலின் கடிதத்தில் உள்ள வரைபடம் ஒரு முதியவரின் அச்சத்தைப் போக்காது. “ஜுமுஆ நேரம் இவ்வளவு, வாகனங்கள் இங்கே நிற்கும், ரமளான் இரவுகளில் இத்தனை மணிக்குக் கலைவோம், குறை இருந்தால் இந்த எண்ணுக்கு அழையுங்கள்” என்று முகம் பார்த்துச் சொல்லும் சொல்லே அதைப் போக்கும்.

வாகன நிறுத்தம் அற்பமான விஷயமன்று. மக்கள் கூடும் இடங்களுக்கு 10 பேருக்கு 3 வாகன இடம் என்ற அளவை விக்டோரியாவின் விதிகள் நெடுங்காலம் கடைப்பிடித்து வந்திருக்கின்றன. 50 பேர் வருவர் என்று எழுதிவிட்டு 200 பேரைக் கூட்டுவது பொய்ச் சாட்சியத்துக்கு நிகர். தொழுகைக்கு விரைபவர் அடுத்தவரின் வீட்டு வாசலை மறித்து வண்டியை நிறுத்தினால், உள்ளே அவர் ஓதும் தக்பீர் அந்த வீட்டாருக்கு எப்படிக் கேட்கும்? அண்டை வீட்டாருக்குத் தம் தீங்கிலிருந்து பாதுகாப்பு அளிக்காதவர் இறைநம்பிக்கையாளர் ஆகார் என்று நபி (ஸல்) அவர்கள் மும்முறை ஆணையிட்டுக் கூறியது முஸ்லிமான அண்டை வீட்டாரை மட்டும் குறித்தன்று. அனுமதியின்றித் தொடங்கிய இடம் ஒரு புகாரினால் மூடப்படும்போது ஏழைகளும் உழைப்பாளிகளும் தந்த நன்கொடைப் பணம் வீணாகிறது. அது அமானிதம். அதற்கும் மறுமையில் கணக்கு உண்டு.

ஆட்சேபிப்பவர் நாமாக இருந்தால்

மறுபக்கமும் பேசியாக வேண்டும். பெண்டிகோவில் நமக்கு இழைக்கப்பட்டதை நாம் பிறருக்கு இழைக்கலாகாது. பக்கத்தில் அடுக்குமாடி வந்தால் ‘யார் யாரோ குடிவருவர்’ என்பதும், வேற்று மதத்தாரின் வழிபாட்டிடம் வந்தால் மனம் ஒப்பவில்லை என்பதும் ஆட்சேபனைக் காரணங்கள் ஆகா. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகைமை நீதியிலிருந்து நம்மைப் பிறழச் செய்துவிடக் கூடாது என்ற அல்மாயிதா அத்தியாயத்தின் கட்டளை ஆட்சேபனைக் கடிதத்துக்கும் பொருந்தும்.

மதுக்கடை விண்ணப்பம் வந்தால் என் செய்வது என்று கேட்கின்றனர். மது ஹராம் என்பது நம் நம்பிக்கை. கவுன்சில் அந்த அடிப்படையில் முடிவெடுக்காது. ஆனால் நள்ளிரவு வரை திறந்திருத்தல், தெருவில் சச்சரவு, பள்ளிச் சிறுவர் நடமாடும் வழி ஆகியவை உண்மையாகவே அங்குப் பொருந்துமானால் அவற்றை எழுதலாம், எழுதவும் வேண்டும். பொருந்தாதவற்றைப் புனைந்து எழுதலாகாது. யாரோ தயாரித்த ஒரே கடிதத்தில் 200 கையெழுத்து வாங்குவதைவிட, தம் வீட்டுக்கு நேரும் பாதிப்பைத் தம் சொல்லால் கூறும் பத்து வரிகள் எடை மிகுந்தவை. ஆட்சேபனை மட்டுமன்று, ஆதரவும் எழுதலாம். அண்டை வீட்டார் தம் வயதான தாய்க்காக ஓர் அறை கூட்டிக் கட்ட விழைந்தால், ‘எங்களுக்கு மறுப்பில்லை’ என்று ஒரு வரி எழுதுவது எத்தகைய அழகிய தஃவா!

ஆட்சியாளர்களுக்கும் ஒரு சொல்

வீட்டுப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி, அறிவிப்பையும் மேல்முறையீட்டையும் சுருக்கும் போக்கு விக்டோரியாவில் வளர்ந்து வருகிறது. சிறு விண்ணப்பங்களைப் பொது அறிவிப்பின்றி 10 வேலை நாட்களில் முடிக்கும் முறை 2014 முதலே உண்டு. 2025 மார்ச்சில் வந்த புதிய விதிகள், மூன்று மாடி வரையிலான வீட்டுத் தொகுதிகள் குறித்த அளவுகளுக்கு முழுமையாக உட்பட்டிருந்தால், அண்டை வீட்டார் தீர்ப்பாயம் செல்லும் வழியை அடைத்தன.

இதில் நியாயமே இல்லை என்று நான் கூறமாட்டேன். நம் பிள்ளைகளும் வீடு கிடைக்காமல் தவிக்கின்றனர். தம் வீட்டின் விலை குறையுமே என்பதற்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடி அடுத்தவரின் கூரையைத் தடுப்பதும் தீங்குதான். தீங்கு இழைத்தலும் தீங்குக்கு ஈடாகத் தீங்கு இழைத்தலும் கூடாது என்ற கருத்துடைய நபிமொழி இருதரப்பாரையும் கட்டுப்படுத்தும். சிறியதையும் பெரியதையும் பிரித்தறிவதை நம் ஃபிக்ஹும் ஏற்கிறது. வழக்காடும் காலத்தைச் சுருக்குங்கள். ஆனால் அறிவித்தலைச் சுருக்காதீர்கள். தீர்ப்பாயம் செல்ல முடியாதவருக்கும் தன் வேலிக்கு அப்பால் என்ன எழப்போகிறது என்று அறியும் உரிமை மிஞ்ச வேண்டும். சொல்லப்பட்டால் அவர் சன்னலை இரண்டடி தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்கவாவது முடியும்.

அறிவிப்பின் மொழியையும் கவனிக்க வேண்டும். சட்டச் சொற்கள் நிறைந்த ஆங்கிலத் தாள், வந்து இரண்டாண்டே ஆன குடும்பத்துக்கு எதையும் அறிவிப்பதில்லை. புரியாத மொழியில் தட்டப்படும் கதவு தட்டப்படாத கதவே. ‘இக்கடிதம் உங்கள் அண்டை மனையைப் பற்றியது; இந்த நாளுக்குள் நீங்கள் பேசலாம்’ என்ற இரு வரிகளையேனும் அப்பகுதியில் வழங்கும் மொழிகளில் அச்சிடுவது கவுன்சில்களுக்குப் பெருஞ்சுமையாகாது.

நம் பங்குக்கு நாம் செய்யக்கூடியவை எளியவை. ஜுமுஆவுக்குப் பின் செய்யும் அறிவிப்புகளில் அப்பகுதியின் முக்கிய விண்ணப்பங்களையும் சேர்க்கலாம். ஆங்கிலம் நன்கறிந்த இளைஞர் இருவர் மாதம் ஒருமுறை பள்ளிவாசலில் அமர்ந்து பெரியவர்களின் கடிதங்களைப் படித்து விளக்கலாம். பள்ளித் தேர்வுக்கு ஆயிரம் பக்கம் படிக்கும் பிள்ளைக்கு வரைபடத்தில் வடக்கு எது, தம் வீட்டு முற்றம் எது என்று காட்டிக்கொடுக்கச் சில நிமிடங்கள் போதும்.

அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) வலியுறுத்திக்கொண்டே இருந்ததால், அவரை வாரிசாகவே ஆக்கிவிடுவாரோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணும் அளவுக்கு அவ்வுரிமை கனமானது. சொத்தில் வாரிசாகவில்லை, ஆனால் நம் செயலை முன்கூட்டியே அறியும் உரிமையில் அவருக்குப் பங்கு உண்டு. அடுத்த முறை கவுன்சிலின் கடிதம் வரும்போது அதைப் பிரித்துப் படியுங்கள். எழுத வேண்டியிருந்தால் உண்மையை எழுதுங்கள். எழுத ஒன்றுமில்லையெனில், அந்த வீட்டுக்காரரைக் காணும்போது ‘கட்டடம் நல்லபடி முடியட்டும்’ என்று வாழ்த்துங்கள்.

அண்டை வீட்டாரின் உரிமைகளைப் பேணி, நம் சொல்லாலும் செயலாலும் கட்டடங்களாலும் எவருக்கும் தீங்கிழைக்காத நன்மக்களாக நம்மை அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.